பாதையின் கடைசிச் சொல்

புது தில்லி ஜனபத் சாலையிலுள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் வரலாறு 1891இல் கல்கத்தாவில் தொடங்குகிறது. அன்று அதன் பெயர் இம்பீரியல் ரெக்கார்டு டிபார்ட்மெண்ட். அங்கே ஒரு கோப்பைக் கேட்டுப் பெற எண் மட்டும் போதாது. துறை, பிரிவு, ஆண்டு, எண் ஆகியவற்றை வரிசையாக எழுத வேண்டும். ஒரே எண் பல துறைகளிலும் பல ஆண்டுகளிலும் திரும்பத் திரும்ப வரும்.

கணினியும் பின்னாளில் இவ்வகை ஒழுங்கையே கைக்கொண்டது. 1960களின் மல்டிக்ஸ் அமைப்பு அடைவுக்குள் அடைவு வைத்தது. அதன் வழிவந்த யுனிக்ஸ் அவற்றுக்கிடையே சாய்கோடு இட்டது. 1979இல் வெளியான யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ‘பேஸ்நேம்’ என்னும் சிறு கட்டளை உண்டு. ‘உள்துறை/அரசியல்/1932/கடிதம்’ என்று கொடுத்தால் ‘கடிதம்’ என்பதை மட்டும் தரும். அப்படியொரு கோப்பு உண்மையில் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. எழுத்துத் தொடரை வெட்டுவதோடு அதன் பணி முடிந்தது. எஞ்சிய முன்பகுதியைத் தருவதற்கு ‘டிர்நேம்’ என்னும் துணைக் கட்டளை பின்னர் வந்தது.

இப்பாதையின் அமைப்பு தமிழுக்கு அயலன்று. ‘உள்துறையின் அரசியல் பிரிவின் 1932ஆம் ஆண்டுக் கடிதம்’ என்னும் தொடரில் அடைகள் முன்வர, தலைச்சொல் இறுதியில் நிற்கிறது. பேஸ்நேம் அத்தலைச்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு அடைகளை நீக்கிவிடுகிறது. எந்தக் கடிதம் என்னும் கேள்விக்கு விடை அந்த அடைகளில்தான் இருக்கிறது.

காலனிய உள்துறையின் அரசியல் பிரிவுக் கோப்பெண்களிலேயே சாய்கோடு உண்டு. 5/45/32 என்பது போன்ற வடிவம். எழுத்தர் இட்ட அக்கோட்டைக் கணினி அடைவின் எல்லை என்றே கொள்ளும். பேஸ்நேமிடம் அந்த எண்ணைக் கொடுத்தால் கிடைப்பது ‘32’ மட்டுமே. கோப்பு மறைந்து ஆண்டு மிஞ்சுகிறது.

ஓர் அலுவலகத்தில் பிறந்த ஆவணங்களைப் பிரிக்காமல் ஒன்றாகவே வைக்க வேண்டும் என்று பிரான்சின் உள்துறை 1841இலேயே சுற்றறிக்கை விடுத்தது. யார் எழுதினார், எந்த மேசைக்கு அது சென்றது என்பவை தெரியாத தாள் சான்றாக நிற்காது என்பதே அதன் அடிப்படை. மின்னுருவாக்கத்திலும் அதே விதி பொருந்தும். சாய்கோட்டுக்குப் பதிலாகச் சிறுகோடு இடலாம். ஆனால் முழுப் பாதையையும் படிமத்தோடு சேர்த்து எழுதி வைக்க வேண்டும். ஒருமுறை நீக்கி மறந்த முன்பகுதியை, எஞ்சிய பெயரிலிருந்து எந்தக் கட்டளையாலும் மீட்க இயலாது.