அவதூறு எனும் இரண்டாம் கொடுமை: அண்ணாமலைநகர் வழக்கும் அந்நூர் அத்தியாயமும்

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகர், பல்கலைக்கழகத்தால் பெயர் பெற்ற ஊர். பரங்கிப்பேட்டையிலிருந்தும் லால்பேட்டையிலிருந்தும் நம் பிள்ளைகள் பலர் அங்கு சென்று கல்வி கற்றுள்ளனர். அந்த ஊரின் காவல் நிலையம் 1992ஆம் ஆண்டு தமிழகம் முழுவதும் பேசப்பட்டது. திருட்டுச் சந்தேகத்தின் பேரில் ஓர் ஏழைத் தொழிலாளி அங்கே பிடித்து வைக்கப்பட்டார். அந்த நிலையத்திலேயே அவருடைய மனைவியைக் காவலர்கள் கூட்டாக வன்புணர்ந்தனர். கணவர் காவலில் அடிக்கப்பட்டு உயிரிழந்தார்.

அந்தப் பெண் வாய்மூடி இருக்கவில்லை. தமக்கும் தம் கணவருக்கும் நேர்ந்ததைச் சொன்னார். ஜனநாயக மாதர் சங்கத்தினர் அவருக்குத் துணை நின்றனர். வழக்கு நடந்தது; ஆண்டுகள் பல கடந்தே காவலர்கள் தண்டிக்கப்பட்டனர். அவருடைய பெயர் அன்று ஊர் ஊராகப் பேசப்பட்டது. வன்கொடுமைக்கு உள்ளான பெண்ணின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பது சட்டம். அது மார்க்கம் கற்பிக்கும் கண்ணியமும் ஆகும். ஆகவே அப்பெயர் இங்கு எழுதப்படவில்லை.

காவல் நிலையத்தில் நடந்ததை ஒரு பெண் வெளியே வந்து சொல்வதற்கு எத்தகைய துணிவு வேண்டும் என்பதை, அவருக்கு முன் அவ்வாறு சொன்ன இரு பெண்களின் நிலையைக் கொண்டு அறியலாம்.

1972ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தில் ஒரு பழங்குடிச் சிறுமி காவல் நிலையத்தில் இரு காவலர்களால் சீரழிக்கப்பட்டாள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அவள் உடலில் காயம் இல்லை, அவள் கூச்சலிடவில்லை, எனவே அவள் இசைந்தாள் என்று கொண்டு நீதிமன்றம் அக்காவலர்களை விடுவித்தது. கீழ் நீதிமன்றமோ அவளுடைய ஒழுக்கத்தையே ஐயத்துக்கு உரியதாக்கியிருந்தது. உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார் உள்ளிட்ட சட்டப் பேராசிரியர்கள் நால்வர் 1979இல் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் ஒன்று எழுதி அத்தீர்ப்பைக் கண்டித்தனர்.

1978ஆம் ஆண்டு ஹைதராபாத்தில் நம் சமுதாயத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு இதே கொடுமை நேர்ந்தது. அதைத் தட்டிக் கேட்ட அவருடைய கணவர், ஒரு ரிக்‌ஷா தொழிலாளி, அடித்துக் கொல்லப்பட்டார். நகரம் கொந்தளித்தது. நீதிபதி முக்ததர் தலைமையிலான விசாரணை ஆணையம் காவலர்களைக் குற்றவாளிகள் என்றது. ஆயினும் ஆணையத்தின் முன் எதிர்த்தரப்பு எடுத்த முயற்சி யாது? அப்பெண் விலைமாது என்று நிறுவுவதே! பின்னர் வழக்கு கர்நாடகத்தின் ராய்ச்சூருக்கு மாற்றப்பட்டது. காவலர்கள் விடுதலை செய்யப்பட்டனர்.

இவ்விரு வழக்குகளிலும் ஒரே முறை கையாளப்பட்டதை நோக்குங்கள். குற்றம் சாட்டப்பட்டவன் என்ன செய்தான் என்ற கேள்வி பின்னுக்குச் சென்றது. முறையிட்டவள் எத்தகையவள் என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. உடலுக்கு இழைக்கப்பட்ட கொடுமை முதலாவது. மானத்தின் மீது வீசப்பட்ட அவதூறு இரண்டாவது. முதலாவதை ஒருவன் செய்தான், அல்லது ஒரு கும்பல் செய்தது. இரண்டாவதைச் செய்ய ஒரு சமூகமே திரண்டது.

இந்த இரண்டாம் கொடுமையைத் தடுக்கவே திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயமான அந்நூர் இறங்கியது என்றால் மிகையாகாது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு பயணத்தில் படையை விட்டுப் பின்தங்க நேர்ந்தது. அதைக் கொண்டு நயவஞ்சகர்கள் கதை கட்டினர். மதீனாவில் அது வாய்க்கு வாய் பரவியது. அன்னையவர்கள் அழுது தவித்த பின் அல்லாஹ்வே அவர்களின் தூய்மையை அறிவித்தான். அவ்வசனங்கள் கதை கட்டியவனை மட்டும் கண்டிக்கவில்லை. கேட்டவுடன் நல்லெண்ணம் கொள்ளாமல் நாவுக்கு நாவு மாற்றிப் பரப்பிய நம்பிக்கையாளர்களையும் கடிந்துரைத்தன. ஒழுக்கமுள்ள பெண்கள் மீது பழி சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவருக்கு 80 கசையடி என்றும், அவருடைய சாட்சியம் இனி ஏற்கப்படாது என்றும் அதே அத்தியாயத்தின் 4ஆம் வசனம் விதித்தது.

இங்கே ஒரு நுட்பத்தை மறந்துவிடக் கூடாது. நான்கு சாட்சிகள் கேட்கப்படுவது, பெண்ணின் மீது பழி சொல்பவனிடம். தனக்கு இழைக்கப்பட்ட கொடுமையை முறையிடும் பெண்ணிடம் அல்ல. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் தொழுகைக்காகச் சென்ற ஒரு பெண்ணை ஒருவன் பலவந்தப்படுத்திய நிகழ்ச்சியை அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்கள் பதிவு செய்துள்ளன. அப்பெண்ணிடம் நான்கு சாட்சிகள் கேட்கப்படவில்லை. அவர் மீது குற்றமில்லை என்று நபியவர்கள் அனுப்பி வைத்தார்கள். முதலில் தவறாகப் பிடிக்கப்பட்டவரும் தண்டனைக்கு உள்ளாகவில்லை. உண்மைக் குற்றவாளி தானே முன்வந்து ஒப்புக்கொண்டான். பெண்ணின் கண்ணியமும் நீதியின் நிதானமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

இந்த நுட்பத்தை மறந்தால் என்ன நேரும் என்பதற்குப் பாகிஸ்தானின் வரலாறு சான்று. அங்கு 1979இல் வந்த ஹுதூத் சட்டங்களின் கீழ், முறையிட்ட பெண்ணே விபச்சாரக் குற்றத்திற்கு ஆளாகும் நிலை உருவானது. 1983இல் பார்வையற்ற ஓர் இளம்பெண் அவ்வாறே தண்டிக்கப்பட்டார். கண்டனம் எழுந்த பின் ஷரீஅத் நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது; சட்டம் திருந்த 2006ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெண்ணுக்குக் கேடயமாக இறங்கிய வசனத்தை அவளுக்கு எதிரான வாளாக மாற்றியவர்கள் மார்க்கத்தின் பெயரால்தான் அதைச் செய்தார்கள் என்பது வேதனைக்குரியது.

நம் நாட்டின் சட்டமும் மெல்லவே திருந்தியது. திறந்த மடலைத் தொடர்ந்து எழுந்த போராட்டத்தின் பயனாக 1983இல் திருத்தம் வந்தது. காவலில் நடந்த வன்புணர்வில், தான் இசையவில்லை என்று பெண் சாட்சியம் அளித்தால் நீதிமன்றம் அதை அனுமானமாக ஏற்க வேண்டும் என்றாயிற்று. அவள் அடையாளத்தை வெளியிடுவதும் குற்றமாயிற்று. அண்ணாமலைநகர் வழக்கு அத்திருத்தம் வந்து ஒன்பது ஆண்டுகள் கழிந்த பின் எழுந்தது. பெண்ணை விசாரணைக்காக அவள் வசிக்கும் இடத்தை விட்டு வேறிடத்திற்கு வரவழைக்கக் கூடாது என்ற விதியோ 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருந்தது. ஏட்டில் சட்டம் இருந்தும் நிலையத்தில் அது இல்லை.

அதே 1992, ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை அலுவலர்கள் ஒரு மலைக்கிராமத்தையே சூறையாடினர்; 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளாயினர். 2011இல்தான் தீர்ப்பு வந்தது; குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டதும் இதே 1992ஆம் ஆண்டில்தான்.

முறையிடும் பெண் பொதுவாகவே ஒழுக்கமற்றவள் என்று காட்டி அவளுடைய சாட்சியத்தை மறுக்க இடமளித்த சாட்சியச் சட்டப் பிரிவு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே நீக்கப்பட்டது. ஆங்கிலேயர் 1872இல் எழுதிய அச்சட்டத்தின் கீழ் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எத்தனை பெண்கள் கூண்டில் தலைகுனிந்து நின்றிருப்பார்கள்! முறையிடுபவரின் புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் காவலரைத் தண்டிக்கவும், மருத்துவமனைகள் இலவசமாகச் சிகிச்சை அளிக்கவும் 2013ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது. உடற்கூறு கொண்டு பெண்ணின் 'பழக்கத்தை' அறிவதாகச் சொல்லப்பட்ட இரு விரல் சோதனையை 2022இல் உச்ச நீதிமன்றம் கடுமையாகத் தடை செய்தது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. நம் மஹல்லாக்கள் வந்துவிட்டனவா? ஒரு பெண்ணுக்குத் தீங்கு நேர்ந்தால் நம் வீடுகளில் எழும் முதற்கேள்வி எது? "அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாள்?" என்பதா, "அவன் யார்?" என்பதா? திருமணப் பேச்சு கெட்டுவிடும், குடும்ப மானம் போய்விடும் என்று எத்தனை தாய்மார்கள் தம் மகளின் வாயைத் தம் கையாலேயே பொத்தியிருக்கிறார்கள்? தீங்கிழைத்தவன் உறவினனாகவோ ஊரில் மதிப்புள்ளவனாகவோ இருந்தால், ஜமாஅத்தில் சமாதானம் பேசி முடிப்பதே நன்மை என்று எத்தனை பெரியவர்கள் கருதியிருக்கிறார்கள்? பாதிக்கப்பட்டவர் சிறுமியாயின், போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் மறைப்பதே குற்றம். ஊர்ப் பஞ்சாயத்துக்கு அங்கே இடமில்லை.

இறுதி ஹஜ்ஜில் நபி (ஸல்) அவர்கள், மனிதரின் உயிரும் பொருளும் மானமும் அந்த நாளையும் அந்த மாதத்தையும் அந்த நகரையும் போலப் புனிதமானவை என்று அறிவித்தார்கள். உயிரோடும் பொருளோடும் மானத்தைச் சேர்த்துச் சொன்ன மார்க்கம் நம்முடையது. எனவே ஒவ்வொரு மஹல்லாவிலும் பெண்கள் அச்சமின்றி முறையிட நம்பகமான பெண்கள் சிலர் இருக்கட்டும். 181 என்ற மகளிர் உதவி எண்ணும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் இடம்பெறட்டும். ஜும்ஆ மேடைகளில் பெண்களின் ஆடையைப் பற்றிப் பேசும் அளவுக்கு, அந்நூர் அத்தியாயம் ஆண்களின் பார்வைக்கும் நாவுக்கும் இட்ட கட்டளைகளும் பேசப்படட்டும்.

அண்ணாமலைநகரின் அந்தப் பெண் கல்வியும் செல்வமும் இன்றி, கணவரையும் இழந்து நின்று உண்மையைச் சொன்னார். அவர் சொல்லைக் கேட்கச் சிலர் இருந்ததால் நீதி கிடைத்தது. நம் வீட்டுப் பெண் பேசும்போது கேட்கும் செவியை நமக்கும், அவதூறிலிருந்து விலகும் நாவை நம் அனைவருக்கும் அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.