சோரக்கண்ணியின் கணக்கு

அச்சன்கோவில் நம்ம தென்காசிக்காரர்களுக்கு மலை தாண்டினால் வரும் ஊர். அங்கே ஓடும் ஆற்றில், பாறைகளுக்கு நடுவே, இழுக்கிற தண்ணீரை எதிர்த்துக் கூட்டமாக நிற்கும் ஒரு கெண்டை உண்டு. வெள்ளி உடம்பு. மூக்கில் தொடங்கி கண் வழியாகப் பாதி உடம்பு வரை ரத்தச் சிவப்பில் ஒரு கோடு. அதற்குக் கீழே வால் வரைக்கும் கறுப்பாக இன்னொரு கோடு. மலையாளத்தில் இதற்குச் சோரக்கண்ணி என்று பெயர் (சோர என்றால் ரத்தம்). வியாபாரிகள் வைத்த பெயர் 'மிஸ் கேரளா'.

பேங்க்காரனுக்கு மீனோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். திருவனந்தபுரம் கிளையில் இருந்த வருஷங்களில் மீன் தொட்டி வைத்திருக்கும் சிநேகிதர்கள் நாலு பேர் சேர்ந்தார்கள். வாராவாரம் தண்ணீர் மாற்றுவது, ஜோடி சேர்ப்பது, குஞ்சு பொரித்தால் போன் போட்டுச் சொல்வது என்று ஒரு தனி உலகம். அந்தப் பழக்கம் சிங்கப்பூருக்கு வந்த பிறகும் விடவில்லை. இந்த மீனின் சரித்திரத்தில் திருவனந்தபுரத்துக்கும் பங்கு இருக்கிறது, சிங்கப்பூருக்கும் பங்கு இருக்கிறது.

முதலில் மதராஸ். 1865-ல் இந்த மீனை விவரித்து எழுதியவர் பிரான்சிஸ் டே, மதராஸ் ராணுவத்தில் டாக்டர். அப்போது மதராஸ் கவர்னராக இருந்த சர் வில்லியம் டெனிசன் பெயரை மீனுக்கு வைத்தார். முண்டக்கயம் பக்கத்து மீன் அது. அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல், மீன் படிப்பவர்களைத் தவிர வெளியில் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை.

1997-ல் சிங்கப்பூரில் நடந்த அக்வாராமா கண்காட்சியில் புது மீன்கள் பிரிவில் இதற்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. அவ்வளவுதான், உலகம் பூராவும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கேட்ட மீன் அத்தனையும் ஆற்றிலிருந்துதான் வர வேண்டும். பண்ணை எதுவும் கிடையாது. 2005-லிருந்து 2012 வரைக்கும் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான, அழியும் நிலையில் உள்ள நன்னீர் மீன்களை ராஜீவ் ராகவனும் உடன் ஆய்வாளர்களும் கணக்கெடுத்து 2013-ல் வெளியிட்டார்கள். 30 இனங்கள், 15 லட்சம் மீன்கள். அதில் 3 லட்சத்துக்கு மேல் சோரக்கண்ணி வகை. பிடித்த இடத்திலும் வழியிலும் செத்தவை இந்தக் கணக்கில் வராது. காமர்ஸ் படித்தவன் பாஷையில் சொன்னால், முதலை எடுத்துச் செலவழித்துவிட்டு வட்டி வரவு என்று பதிந்திருக்கிறோம்.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 2008-ல் திருவனந்தபுரத்திலிருந்து கேரள மீன்வளத்துறை ஓர் ஆணை போட்டது. இவ்வளவுதான் பிடிக்கலாம், இந்த அளவு மீன்தான் பிடிக்கலாம், ஜூன், ஜூலை, அக்டோபர் மாதங்களில் பிடிக்கவே கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மீன் சினை பிடித்து முட்டையிடுவது அக்டோபரில் தொடங்கி மார்ச் வரைக்கும் என்று ஆய்வுகள் பின்னால் காட்டின. ஆறு மாதத்தில் ஒரே ஒரு மாதத்துக்குத்தான் பூட்டு. பாக்கி ஐந்து மாதமும் கதவு திறந்தே இருந்தது. பருவமழையில் முட்டையிடும் மற்ற கெண்டைகளை மனதில் வைத்து எழுதிவிட்டார்களோ என்பது என் ஊகம். எங்கள் பேங்கிலும் இப்படிச் சுற்றறிக்கை வரும், கவுண்டரில் உட்கார்ந்து பார்க்காதவர் எழுதியது :-)

தடையை விட எனக்கு முக்கியமாகப் படுவது கொச்சி பனங்காட்டில் இருக்கும் மீன்வளக் கல்லூரியில் நடந்த வேலை. டாக்டர் அன்னா மெர்சியும் அவர் குழுவும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அலங்கார மீன்களைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யும் வழியைத் தேடினார்கள். சோரக்கண்ணி லேசில் மசிகிற மீன் இல்லை. கூட்டமாக இருக்க வேண்டும், நீரோட்டம் வேண்டும், அப்படியும் தொட்டியில் தானாக முட்டையிடுவது அபூர்வம். ஹார்மோன் ஊசி போட்டு, வயிற்றை மெல்ல அழுத்தி முட்டையை வெளியே எடுத்துத்தான் குஞ்சு பொரிக்க வைத்தார்கள்.

வித்தை நம்மிடம் இருந்தும், பண்ணைகள் பெருகியது இந்தோனேஷியாவில். இன்று கடைகளுக்கு வரும் சோரக்கண்ணியில் நிறைய அங்கே பிறந்தவை. ஆற்றுக்கு நல்லதுதானே என்று தோன்றும். முழுக்க அப்படியும் சொல்ல முடியவில்லை. பிரேசிலில் ரியோ நீக்ரோ கரையில் பார்செலோஸ் என்று ஓர் ஊர். கார்டினல் டெட்ரா பிடித்துப் பிழைத்த ஊர். வெளிநாட்டுப் பண்ணைகள் அதே மீனை வளர்த்து விற்க ஆரம்பித்ததும் ஊர்க்காரர்களின் வருமானம் சரிந்தது. மீனால் சோறு கிடைக்கும்வரை காட்டையும் ஆற்றையும் காக்க அவர்களுக்கு ஒரு காரணம் இருந்தது. ஆனால் கார்டினல் கோடிக்கணக்கில் இருக்கும் மீன், சோரக்கண்ணி சில மலையாறுகளில் மட்டும் மிஞ்சியிருக்கும் மீன். ஆகவே ஆற்றில் பிடிப்பதே மேல் என்கிற வாதம் இதற்குச் செல்லாது. அந்தப் பண்ணை பத்தனம்திட்டையிலோ காசர்கோட்டிலோ, இதுவரை வலை போட்டவர்கள் கையிலேயே இருந்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

வீட்டுத் தொட்டிக்காரர்களால் என்ன ஆகும் என்று இளக்காரமாகக் கேட்பவர்களுக்கு மெக்சிகோ கதை ஒன்று உண்டு. தெவுச்சித்லான் ஆற்றில் இருந்த டெக்கீலா மீன் ஆற்றிலிருந்தே மறைந்துவிட்டது. ஆனால் மீன் பிரியர்களின் தொட்டிகளில் இருந்தது. 1998-ல் இவான் டிப்பிள் என்ற ஆங்கிலேய ஆர்வலர் ஐந்து ஜோடிகளை மெக்சிகோவின் மிச்சோவாகான் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். செஸ்டர் மிருகக்காட்சி சாலை துணை நின்றது. அந்த வம்சம் பெருகி, குளத்தில் பழகி, 1,500 மீன்கள் ஆற்றுக்குத் திரும்பின. அங்கே அவை குஞ்சு பொரித்துப் பெருகுகின்றன என்று 2021-ல் அறிவித்தார்கள். தொட்டியில் உபரியானதைக் கொண்டுபோய் ஆற்றில் கொட்டுகிற வேலை இல்லை இது. எந்த ஆற்று மீன், எந்தத் தலைமுறை என்று குறிப்பு வைத்து, ஆய்வாளர்கள் கூடவே இருந்து செய்தது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் மிஸ் கேரளா கேட்டால், கடைக்காரரிடம் பண்ணை மீனா ஆற்று மீனா என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் வேறு மீன் பாருங்கள். ஒன்றை மட்டும் வாங்கி வைக்காதீர்கள், ஆறேழு வேண்டும், பெரிய தொட்டியும் வேண்டும், ஒவ்வொன்றும் 15 செ.மீ. வரை வளரும். இனப்பெருக்கம் வரை போகிற ஆசை இருந்தால் முதுகுத் துடுப்பைப் பாருங்கள். அதில் கறுப்புத் திட்டு இருந்தால் அது சோரக்கண்ணி இல்லை, 1999-ல் தனி இனமாக அறிவிக்கப்பட்ட சாலக்குடி ஆற்று மீன். 2013-லிருந்து இரண்டுக்கும் சஹ்யாத்ரியா என்று ஒரே குடும்பப்பெயர். கடையில் இரண்டும் ஒரே தொட்டியில் நீந்தும். வீட்டில் பிரித்தே வையுங்கள்.