விலைக்கு வாங்கிய கடல்

எனக்குப் பின்னால் தெரியும் தொட்டியைப் பார்த்துவிட்டுச் சிலர் 'நீமோ' என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை, நீமோ வேறு இனம். கோமாளி மீன்களில் ஏறத்தாழ முப்பது இனங்கள் உண்டு. இது கிளார்க்கி. நான் பிறந்த திருகோணமலைக் கடலிலும் இருப்பது.

இலங்கையில் அரச அதிகாரியாக இருந்த ஜோன் விட்சேர்ச் பென்னெட் என்பவர் தீவின் மீன்களை வண்ணப் படங்களோடு லண்டனில் நூலாக்கினார். அதில்தான் 1830இல் இந்த மீனுக்கு 'கிளார்க்கி' என்ற பெயர் வந்தது. காகிதத்தில் மீனை வைத்திருப்பது சுலபம். தண்ணீரில் உயிரோடு வைத்திருப்பது அப்படியல்ல.

நான் ரொறன்ரோவில் உப்பு மாவை வாங்கி, லீற்றருக்கு 35 கிராம் கணக்கில் கரைத்து, அதே வாரம் இரண்டு மீன்களை விட்டேன். அப்பா தொலைபேசியில் சிரித்தார். "கடலை விட்டுப்போட்டுப் போய் அங்க உப்பைக் காசுக்கு வாங்கிறியோ?" ஒன்பதாம் நாள் பெரிய மீன் செத்தது. தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. அதுதான் என்னை ஏமாற்றியது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவுக்கு நிறமில்லை. அதைத் தின்று மாற்றும் பாக்டீரியாக்கள் பெருகப் பல வாரங்கள் வேண்டும்.

இந்தத் தவறுக்குப் பெரிய பாரம்பரியம் இருப்பதைப் பிறகுதான் படித்தேன். 1950களில் மேற்கில் கடல்மீன் வளர்த்தவர்கள் பவளத்தை வெளுத்துக் காயவைத்து, அலங்காரமாகத் தொட்டியில் வைத்தார்கள். சுத்தமே உயிர் என்று நம்பினார்கள். ஜகார்த்தாவில் லீ சின் எங் என்ற மனிதர் நேரெதிராகச் செய்தார். புழுவும் பாசியும் ஒட்டியிருந்த கற்களைக் கடலிலிருந்து அப்படியே எடுத்து வைத்தார். வெயில், காற்றுக் குமிழி, அவ்வளவுதான். 1961இல் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழொன்றில் அதை எழுதினார். இன்று 'உயிர்ப்பாறை' என்று கடைகளில் விற்பது அவர் வழிதான். பக்கத்தில் கடல் இருந்தது அவருக்கு வசதி என்று சொல்லலாம். ஆனால் கடலோரத்தில் எத்தனையோ பேர் இருந்தார்களே. நானும்தான்.

குஞ்சுகளை வளர்ப்பது அடுத்த தடை. பொரித்த குஞ்சின் வாய் அத்தனை சிறியது. ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரை உணவாக வளர்க்கக் கற்ற பிறகே, 1970களில் அமெரிக்காவில் தொட்டியில் பிறந்த கோமாளிகள் விற்பனைக்கு வந்தன. தமிழ்நாட்டில் பரங்கிப்பேட்டையிலும் பிறகு குஞ்சு பொரித்தார்கள். வாங்குபவர்கள் அப்படிப் பிறந்ததையே கேட்டு வாங்குங்கள். கடற்சாமந்தி கட்டாயமில்லை, மீனைவிட அதைக் காப்பாற்றுவதுதான் கடினம்.

என்னிடம் மிஞ்சியது சிறிய மீன். கோமாளிகளில் பெரியதே பெண். அது போனால் ஆண் பெண்ணாக மாறும். ஃப்ரிக்கே இணையர் 1977இல் எழுதியதை நம்பித்தான் காத்திருந்தேன். அது மெல்லப் பருத்தது. சென்ற மாதம், தொட்டியில் பிறந்த ஒரு குட்டியை அதன் பக்கத்தில் விட்டேன். முதல் நாள் துரத்தியது. இப்போது, பாருங்கள், இரண்டும் ஒரே மூலையில் நிற்கின்றன.

அப்பாவுக்குக் காணொளி அனுப்பினேன். "நம்மட மீன்தான்" என்றார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.