லண்டன் போய் வந்த புத்தர்

மேலைநாட்டவரைப் பௌத்தம் ஏன் கவர்ந்தது என்பது இன்றைய கேள்வி. நான் கோலா கங்சார்க்காரன். எங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் மாவட்ட அலுவலகத்தின் அருகே ஒரு பழைய ரப்பர் மரத்தைக் காட்டுவார்கள். 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகள் நாற்றாகி, 1877இல் இங்கே வந்து சேர்ந்தன. பின்னாளில் அந்த மரத்தை நம்பித்தான் நம் தாத்தா பாட்டிகள் கப்பலேறினார்கள்.

அதே காலத்தில் புத்தர் கதையும் லண்டன் போய்த் திரும்பியது. 1879இல் எட்வின் ஆர்னால்டு என்ற ஆங்கிலேயர் புத்தரின் வாழ்க்கையைக் காவியமாகப் பாடினார். ஐரோப்பாவும் அமெரிக்காவும் அதை விரும்பிப் படித்தன. கவிமணி அதைத் தழுவிப் பாடியதுதான் நாம் அறிந்த 'ஆசிய ஜோதி'.

ஏன் அந்த வரவேற்பு? 1859இல் டார்வினின் நூல் வந்த பிறகு, படித்தவர் பலருக்குத் தேவாலயம் சொன்ன படைப்புக் கதையில் ஐயம் பிறந்தது. ஆனால் அறநெறியை விட்டுவிட அவர்களுக்கு மனமில்லை. "நம்பு" என்று கட்டளையிடாமல், "நீயே ஆராய்ந்து பார்" என்ற ஆசானாகப் புத்தர் அவர்களுக்குத் தெரிந்தார். அமெரிக்கரான கர்னல் ஆல்காட் 1880இல் இலங்கையின் காலி நகரில் பஞ்சசீலம் ஏற்றார். அவருடைய பிரம்மஞான சபை 1882இல் சென்னை அடையாற்றுக்கு வந்தது.

இங்கேதான் நம் கதை வருகிறது. 1898இல் பண்டிதர் அயோத்திதாசர் ஆல்காட்டைச் சந்தித்தார். இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழையும் நடத்தினார்.

இருவரும் போற்றியது ஒரே புத்தரைத்தான். ஆனால் வெள்ளைக்காரர் தேடியது அறிவுக்குப் பொருந்தும் சமயம். அயோத்திதாசர் தேடியதோ மனிதனுக்குரிய மரியாதை. ஒடுக்கப்பட்ட மக்கள் பிறப்பால் தாழ்ந்தவர்கள் அல்லர், அவர்கள் பூர்வ பௌத்தர்கள் என்றார் அவர்.

அதே 1898இல் உ.வே.சாமிநாதையர் மணிமேகலையை அச்சில் கொண்டுவந்தார். பௌத்தம் நமக்கு இரவல் பொருள் அல்ல என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டுமா? அதன் நாயகி கையில் இருப்பது பசிப்பிணி தீர்க்கும் அமுதசுரபி.

அன்பர்களே, தோட்டத்து லயங்களில் பசியையும் பார்த்தோம், சாதியையும் பார்த்தோம். வெள்ளைக்காரர் மெச்சினார் என்பதற்காக நாம் புத்தரைப் படிக்க வேண்டாம். மதம் மாறச் சொல்வதும் என் நோக்கமல்ல. அவர்கள் தங்கள் ஐயத்தோடு புத்தரிடம் போனார்கள். அயோத்திதாசர் தம் மக்களின் வலியோடு போனார். அந்த இரண்டாவது கதையையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள்.