காட்டு ரோட்டில் பைக் ஓட்டுகிறீர்களா? ரேஸ் டிராக்குக்குப் போகும் வழி இதுதான்!

அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் பக்கம் பைக் ஓட்டிப் பழகியவர்களுக்குத் தனி தைரியம் இருக்கும். காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் ரோடு, ஏற்றம், இறக்கம், சில நேரம் எதிரே யானை. இதையெல்லாம் சமாளித்து ஓட்டும்போது ‘நாமளும் ரேஸர் ஆகலாமே’ என்று ஒருமுறையாவது தோன்றியிருக்கும். ஆசையில் தப்பே இல்லை. அதற்கான வாசலும் ஓசூரிலேயே இருக்கிறது. ஆனால், அந்த வாசல் ரோட்டில் காட்டும் வேகத்தைப் பார்த்துத் திறப்பதில்லை.

டி.வி.எஸ் 50 மொபெட் 1980-ல் ஓசூரில் இருந்துதான் வெளியே வந்தது. அடுத்த இரண்டே வருடத்தில், 1982-ல், அதே நிறுவனம் தனக்கென ரேஸிங் அணியைத் தொடங்கியது. இன்று ஓசூர் கம்பெனிகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிற பல பேருக்கு இந்த விஷயம் தெரியாது.

அமெச்சூர் எப்படி புரொஃபஷனல் ஆகிறார்?

அயர்லாந்து, இங்கிலாந்தில் ‘பாயின்ட் டு பாயின்ட்’ என்று ஒரு குதிரைப் பந்தயம் உண்டு. கிராமத்து வயல்வெளியில், தடைகளைத் தாண்டி ஓடும் பந்தயம். ஓட்டுபவர்கள் எல்லோரும் அமெச்சூர்கள். பெரிய பயிற்சியாளர்களும் குதிரை வாங்குபவர்களும் அங்கே வந்து ஆளையும் குதிரையையும் கவனிப்பார்கள். அயர்லாந்தின் ரேச்சல் பிளாக்மோர் அப்படி அமெச்சூராக ஓட்டியவர்தான். 2015-ல் புரொஃபஷனல் ஆனார். 2021-ல் கிராண்ட் நேஷனல் பந்தயத்தை வென்றார். அதை வென்ற முதல் பெண் ஜாக்கி அவர்தான்.

நம்ம ஊர் பைக் ரேஸிலும் கணக்கு இதேதான். சின்ன ரேஸில் கிடைக்கும் பரிசுப் பணம் முக்கியமில்லை. உங்களை யார் பார்க்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

முதல் படி: லைசென்ஸ்

டிரைவிங் லைசென்ஸ் வேறு, ரேஸ் லைசென்ஸ் வேறு. இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ தருவதுதான் ரேஸ் லைசென்ஸ். இதற்கு மருத்துவச் சான்று வேண்டும். 18 வயது ஆகவில்லை என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும். முதலில் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேருங்கள். எங்கே பிரேக் பிடிப்பது, வளைவில் எந்தக் கோட்டில் போவது, கொடிகளுக்கு என்ன அர்த்தம் என்று அங்கேதான் கற்றுத் தருவார்கள்.

இரண்டாவது படி: ‘ஒன் மேக்’ போட்டி

எல்லோருக்கும் ஒரே மாடல் பைக், ஒரே மாதிரி தயார் செய்த இன்ஜின். ஜெயிப்பவர் கைத்திறமையால் மட்டுமே ஜெயிக்க வேண்டும். டி.வி.எஸ் இதை 1994-ல் தொடங்கியது. 2016-ல் பெண்களுக்கும் தனிப் பிரிவு வந்தது. தேர்வுச் சுற்றில் ‘லேப் டைம்’ பார்த்து ஆள் எடுப்பார்கள். பைக்கை நிறுவனமே தரும் என்பதால், சொந்தமாக ரேஸ் பைக் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இதுதான் நல்ல வழி. தேசிய சாம்பியன்ஷிப்பிலும் புதியவர்களுக்கு ‘நோவிஸ்’ பிரிவு இருக்கிறது.

போட்டிகள் பெரும்பாலும் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலும், கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் நடக்கும். இருங்காட்டுக்கோட்டை டிராக் 1990-ல் வந்தது. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். அதற்கு முன்பு சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில்தான் ரேஸ் நடந்தது.

மூன்றாவது படி: கம்பெனி அணி

தனியாக ஓட்டும்வரை டயர், பயணம், நுழைவுக் கட்டணம் எல்லாம் உங்கள் பாக்கெட்டில் இருந்துதான். கம்பெனி அணியில் இடம் கிடைத்தால் பைக், மெக்கானிக், பயணச் செலவை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால், இடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

டிராக் மட்டுமே ரேஸ் இல்லை. மண் பாதையில் ஓடும் சூப்பர்கிராஸ், ஒவ்வொருவராகப் புறப்பட்டு நேரத்தோடு போட்டி போடும் ராலி என்று வேறு வகைகளும் உண்டு. மலைப்பாதையில் வளர்ந்தவர்கள் இவற்றையும் யோசிக்கலாம். கேரளாவின் ஷொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவா தேசிய சூப்பர்கிராஸ் சாம்பியனாக இருந்து டக்கார் ராலிக்குப் போனவர். ஷெர்கோ டி.வி.எஸ் அணிக்காக 2024-ல் ‘ராலி 2’ பிரிவில் முதலிடம் பிடித்தார். பெங்களூரின் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-ல் பெண்களுக்கான பாஹா உலகக் கோப்பையை வென்றார். அவரும் டி.வி.எஸ் அணிதான்.

வீட்டில் பேச வேண்டியவை

* பொது ரோட்டில் ரேஸ் விட்டால் முதல்முறை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.
* 18 வயது ஆகாத பிள்ளை ரோட்டில் வண்டி ஓட்டிக் குற்றத்தில் சிக்கினால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 வருடம் வரை சிறையும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடைக்காது.
* டியூ போட்டு வாங்கிய பைக்கை ரேஸுக்கு எடுத்துப் போகாதீர்கள். சாதாரண வண்டி இன்ஷூரன்ஸ் ரேஸில் ஆகும் சேதத்துக்குப் பணம் தராது.
* போட்டியில் விழுந்து பைக் உடைந்தால் செலவு யாருடையது, மருத்துவக் காப்பீடு உண்டா என்று கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்.
* ஹெல்மெட், லெதர் சூட், முதுகுக் கவசம், பூட்ஸ், கிளவுஸ் எதிலும் மிச்சம் பிடிக்க வேண்டாம். முதலில் வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

ரேஸுக்கு வருகிறவர்களில் மிகச் சிலர்தான் அதையே தொழிலாக்குகிறார்கள். மற்றவர்கள் வேலை பார்த்துக்கொண்டே ஓட்டுகிறார்கள். அதனால் ஐ.டி.ஐ படிப்பையோ கம்பெனி வேலையையோ விட்டுவிட்டு ரேஸுக்குக் கிளம்பாதீங்க. இன்ஜின் தெரிந்த கைக்கு ரேஸ் மெக்கானிக் வேலையும் இருக்கிறது.

டிராக்கில் விழுந்தால் ஓடிவர ஆம்புலன்ஸ் நிற்கும். காட்டு ரோட்டில் விழுந்தால் போன் சிக்னல்கூட கிடைக்காமல் போகலாம். வேகம் காட்ட ஆசையிருந்தால், காட்ட வேண்டிய இடத்தில் காட்டுங்க. உங்களைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர்கள் அங்கேதான் ஸ்டாப்வாட்ச்சோடு நிற்கிறார்கள்.