கழி என்னும் உரிச்சொல்

ஒரு பண்பின் உச்சநிலையை உணர்த்துதற்குத் தமிழில் தனி விகுதி இல்லை. திராவிட மொழிகளுக்குப் பொதுவாகிய இவ்வியல்பைக் கால்டுவெல் 1856ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் ஒப்பிலக்கணத்தில் எடுத்துரைத்தார். அவ்விகுதியின் பணியைத் தமிழில் பெரிதும் ஆற்றியவை உரிச்சொற்களே. அவற்றுள் இன்று அருகி வழங்கும் 'கழி' என்பதன் பொருளை ஈண்டு ஆராய்வாம்.

தொல்காப்பியர் உறு, தவ, நனி என்னும் மூன்றையும் ஒரு நூற்பாவில் அமைத்து மிகுதிப்பொருள என்றார். கூர்ப்பு, கழிவு என்னும் இரண்டையும் வேறொரு நூற்பாவில் அமைத்து, உள்ளது சிறத்தலை உணர்த்தும் என்றார். 13ஆம் நூற்றாண்டினராகிய பவணந்தியார் இவ்வைந்தனோடு 'சால' என்பதனையும் கூட்டி, ஆறும் 'மிகல்' என்னும் ஒரு பொருளன என நன்னூலில் முடித்தார். அதனாற் கற்பார்க்கு எளிமை உண்டாயிற்று. பழைய வேறுபாடோ மறைந்தது.

இனி, 'சிறத்தல்' என்றமையாற் கழி என்பது உயர்வு ஒன்றனையே குறிக்குமோ எனின், குறிக்காது. திருக்குறள் இதற்குச் சான்றாகும். கண்ணோட்டத்தைக் 'கழிபெருங் காரிகை' (571) எனப் போற்றிய வள்ளுவர், பகைத்தற்கு எளியவனைக் 'கழிபெருங் காமத்தான்' (866) என்றும், நோய்க்கு இடமாவானைக் 'கழிபேர் இரையான்' (946) என்றும் இழித்துரைத்தார். அழகும் இழிவும் ஒரு சொல்லாலேயே அளக்கப்பட்டன. 657ஆம் குறள் இதனை மேலும் தெளிவாக்கும். பழியால் வந்த ஆக்கத்தினும் சான்றோரின் 'கழிநல்குரவே' தலையாயது என்கிறார். ஆண்டு வறுமையின் அளவைக் காட்டுவது கழி. அதன் மதிப்பைக் காட்டுவது தலை. இரண்டும் தம்முள் மயங்கவில்லை.

பதிற்றுப்பத்து இன்னும் ஒரு நுட்பத்தைப் புலப்படுத்துகின்றது. அதன் 22ஆம் பாட்டில் பாலைக் கௌதமனார் அரசாட்சிக்குத் தடையாகும் குற்றங்களை எண்ணுமிடத்துச் சினம், காமம் ஆகியவற்றோடு 'கழிகண்ணோட்டம்' என்பதனையும் வைத்தார். வள்ளுவர் போற்றிய பண்பு இங்குக் குற்றமாயது எங்ஙனம்? குறளிற் கழி காரிகையைச் சார்ந்தது. பாட்டிற் கண்ணோட்டத்தையே சார்ந்தது. அளவு கடந்த இரக்கம் ஆட்சிக்கு ஊறு என்பதே புலவர் கருத்து. எனவே இருவர் கூற்றும் முரணா.

கழிதல் என்னும் வினைக்குக் கடந்து செல்லுதல் என்பது பொருள். உள்ள பண்பு தன் எல்லை நோக்கி மேற்செல்லுதலும், எல்லையைக் கடத்தலும் அவ்வினையிலேயே அடங்கும். இவற்றுள் எது என்பதனை இடமே தெளிவிக்கும். 'சிறக்கும்' என்னும் நூற்பாச் சொல்லும் ஓங்குதல் என்னும் பொருட்டே அன்றி, நன்மையாதல் என்னும் பொருட்டன்று என யாம் துணிகின்றோம்.

இக்காலத்துக் 'கழிவு' என்பது எஞ்சிய குப்பைக்கும் விலைத் தள்ளுபடிக்கும் பெயராயிற்று. 'கழிவிரக்கம்' என்புழியும் கழிந்தது குறித்து இரங்குதலே பொருள், மிகுதி அன்று. 'கழிபேருவகை' போலும் சில தொடர்களில் மட்டுமே பழம்பொருள் எஞ்சி நிற்கின்றது. ஆகலின், கழிநல்குரவை ஒழிந்துபோன வறுமை என்றோ, கழிகண்ணோட்டத்தைச் சிறந்த அருள் என்றோ மாணாக்கர் கொள்ளுதல் கூடும். முன்னதிற் சான்றோரின் பெருமை குன்றும். பின்னதிற் புலவர் கடிந்த குற்றம் புகழாய்விடும். பழம்பாடல்களுக்கு உரை காண்போர் கழி என்பதனை அளவுச்சொல்லாகவே கொண்டு, நன்மை தீமைகளை அஃது அடுத்துவரும் சொல்லிலும் இடத்திலும் காண்டல் வேண்டும்.