அதிரசமும் ஏலக்காயும் – போடியிலிருந்து ஒரு பழங்கதை

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஊருன்னா போடிதான், போடிநாயக்கனூர். கிளம்புறதுக்கு முந்தின வாரம்தான் சென்னையில டாக்டர் ரிசல்ட்டைப் பார்த்துட்டு, "மூணு மாச சராசரி 6.3. இன்னும் சர்க்கரை வரலை, ஆனா வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நிக்குது"ன்னு சொல்லி அனுப்பியிருந்தார். அப்பாவுக்குச் சர்க்கரையில கால் விரல் ரெண்டு போனது எனக்கு மறக்கலை. மறக்கலைன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன், அம்மா அதிரசத் தூக்கைத் திறக்கிற வரைக்கும்.

ஒண்ணுன்னு ஆரம்பிச்சது ஆறுல நின்னுச்சு. அதுக்கப்புறம் கொஞ்சம் காராச்சேவு, தித்திப்பு திகட்டாம இருக்கணுமே :-)

திண்ணையில உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்த பெரியப்பாவுக்கு எண்பது தாண்டிருச்சு. "ஏண்டா, நாங்கள்லாம் இப்படியா அலைஞ்சோம்? நாக்கைக் கட்டிப் போட்டு வளர்ந்தோம்டா"ன்னார். ராத்திரி பூரா அந்த ஒரு வரி குடைஞ்சது. நிஜமாவே நாக்கைக் கட்டினாங்களா, இல்ல கட்டுறதுக்கு அவசியமே இல்லாம இருந்துச்சா?

திருக்குறள்ல 95-வது அதிகாரம் மருந்து. பத்துக் குறள்ல பாதிக்கு மேல வைத்தியமே கிடையாது. முன்னாடி சாப்பிட்டது செரிச்சுதான்னு பாரு, அப்புறம் அளவா சாப்பிடு, இதுதான் விஷயம். அளவுக்கு மீறித் திங்க ஆள் இல்லாத ஊர்ல இப்படி யாராவது எழுதுவாங்களா? ஆக, வியாதி பழசு. ஆனா அது வசதி உள்ளவன் வியாதி. மத்தவங்களுக்குத் தித்திப்புன்னா தீபாவளி, பொங்கல், கல்யாணம், கோயில் திருவிழா. காலண்டரே கடிவாளம்.

அதுவும் கருப்பட்டி, மண்டை வெல்லம்தான். வெள்ளைச் சீனி ஜாவாவிலிருந்து கப்பல்ல வந்துக்கிட்டிருந்த சரக்கு. 1932-ல வெள்ளைக்கார அரசாங்கம் உள்நாட்டுச் சீனிக்குப் பாதுகாப்பு கொடுத்து இறக்குமதிக்கு வரியை ஏத்துச்சு. முப்பது சொச்சமா இருந்த ஆலைகள் சில வருஷத்துலயே நூறைத் தாண்டிருச்சு. சாமானியன் வீட்டு டப்பாவுக்குள்ள சீனி நுழைஞ்ச கதை அங்கதான் தொடங்குது.

நுழைஞ்ச வேகத்துல போர் வந்துச்சு. இரண்டாம் உலகப்போர்ல சீனிக்குக் கட்டுப்பாடு. எங்க ஊருக்கு இன்னொரு அடியும் சேர்ந்து விழுந்துச்சு. 1928-ல வந்த மதுரை – போடி ரயில் பாதையோட தண்டவாளத்தை 1942-ல போருக்குன்னு பிடுங்கிட்டுப் போயிட்டாங்க. மறுபடி ரயில் ஓடினது 1950-கள்ல. தாத்தா காலத்து ஆட்கள் "சீனியையும் புடுங்குனான், ரயிலையும் புடுங்குனான்"னு ஒரே மூச்சுல சொல்லுவாங்க.

காந்தி இந்தக் கட்டுப்பாடுகளை எதிர்த்தார்ங்கிறதுதான் வேடிக்கை. 1915-ல ஹரித்வார்ல, ஒரு நாளைக்கு அஞ்சு பொருளுக்கு மேல சாப்பிட மாட்டேன், இருட்டினப்புறம் சாப்பிட மாட்டேன்னு சபதம் எடுத்த மனுஷன் அவர். தனக்குத் தானே போட்டுக்கிற கட்டு வேற, சர்க்கார் போடுற கட்டு வேறன்னு நினைச்சிருப்பார் போல. 1947 கடைசியில சீனிக் கட்டுப்பாடு போச்சு. 1949-லயே திரும்பி வந்துருச்சு!

பெரியப்பாவோட வாலிபம் 1965. சீனி மட்டுமில்ல, அரிசி கோதுமைக்கே தட்டுப்பாடு. லால் பகதூர் சாஸ்திரி வாரத்துல ஒரு வேளைச் சாப்பாட்டை விடச் சொன்னார், ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடி தன் வீட்டுல விட்டுப் பார்த்துட்டு. திங்கட்கிழமை ராத்திரி ஓட்டல்களை அடைச்சாங்க. விருந்துல இத்தனை பேருக்கு மேல இலை போடக்கூடாதுன்னு ஆணைகள் வேற. இதோட உச்சம் மேற்கு வங்காளம். குழந்தைகளுக்குப் பால் இல்லைன்னு முதலமைச்சர் பிரபுல்ல சந்திர சென் 1965-ல பாலைத் திரிச்சுச் செய்யிற இனிப்புகளுக்கே தடை போட்டார். வங்காளிக்கு ரசகுல்லா கிடையாது, சந்தேஷ் கிடையாது! 1967 தேர்தல்ல அவர் ஆரம்பாக்ல தோத்தார். ரசகுல்லாதான் தோக்கடிச்சுதுன்னு சொன்னா அது கதை, சோத்துப் பஞ்சம்தான் பெரிய காரணம். அதே வருஷம் இங்க பக்தவத்சலமும் அரிசியில வழுக்கித்தானே விழுந்தார்.

ஆக, பெரியப்பா நாக்கைக் கட்டினது பெரியப்பா இல்லை. ரேஷன் கடை, காலண்டர், காலியான சட்டைப் பை, மூணும் சேர்ந்து கட்டுச்சு. இதை அவர்கிட்டச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் "இருக்கும்டா. கிடைச்சிருந்தா நானும் தின்னுருப்பேன்"னுட்டார். மனுஷன் நேர்மையான ஆள்.

இதுல எங்க ஊர் சமாச்சாரம் ஒண்ணு இருக்கு. காலையில போடியிலிருந்து ஜீப் ஜீப்பா ஆளுங்க போடிமெட்டு கொண்டை ஊசி வளைவுகள்ல ஏறி பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் ஏலத் தோட்டத்துக்குப் போறாங்க. அங்க பறிச்சு ஸ்டோர்ல சூடு காட்டிக் காய வைக்கிற காய் – பச்சைக் காய் அஞ்சு கிலோ காஞ்சா சுமார் ஒரு கிலோ தேறும் – கீழே போடிக்கு வருது. தரம் பிரிச்சு, ஏலத்தை ஏலம் விட்டு (தமிழ்ல மட்டும்தான் இப்படிச் சொல்ல முடியும்!) வடக்கே அனுப்புறாங்க. வடக்கே தீபாவளிக்கு எவ்வளவு லட்டும் பேடாவும் ஓடுதோ அவ்வளவு எங்க வியாபாரிகளுக்குச் சந்தோஷம். 2018 வெள்ளம், அப்புறம் மழையில்லாத கோடைன்னு விளைச்சல் விழுந்து, 2019 ஆகஸ்ட்ல புத்தடி ஏலத்துல ஒரு கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போச்சு. அப்பவும் வாங்குறவன் வாங்கினான்.

எங்க சித்தி இருபது வருஷம் காய் பொறுக்கப் போனவங்க. நாள் பூரா ஏலக்காய் வாசத்துல உட்கார்ந்து, சாயங்காலம் வீட்டுக்கு வந்து வரக்காப்பி குடிப்பாங்க. பாயசம் வருஷத்துக்கு நாலு தடவை. இப்ப அவங்களுக்கும் சர்க்கரை. வரக்காப்பிக்குப் பதிலா பிஸ்கட்டோட பால் டீ, சாயங்காலம் பஜ்ஜி, பக்கத்துலயே பேக்கரி. எல்லாமே பத்து ரூபாய்க்குள்ள அடங்கிருச்சு. 2023-ல வந்த ஐசிஎம்ஆர் ஆய்வு நாட்டுல 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு, 13 கோடியே 60 லட்சம் பேர் அதுக்கு முந்தின கட்டத்துலன்னு சொல்லுது. ரெண்டாவது கணக்குல அடியேனும் ஒருத்தன்.

நாடு தீனியைக் குறைச்சா எங்க ஊர் அடுப்பு அணையும். குறைக்கலைன்னா சித்தி கால் என்ன ஆகும்னு தெரியலை. ரெண்டையும் ஒரே ராத்திரியில யோசிச்சா தூக்கம் எங்க வரும்?

கிளம்புற அன்னைக்கு அம்மாகிட்ட கண்டிப்பாச் சொல்லிட்டேன், ஏலக்காய் நூறு கிராம் போதும், வேற எதுவும் வேண்டாம்னு. அகலப்பாதை போட்டு 2023-லதான் திரும்பி வந்த ரயில்ல ஏறி உட்கார்ந்து பையைத் திறந்தா, ஏலக்காய் பொட்டலத்துக்குக் கீழ எவர்சில்வர் டப்பா. எண்ணிப் பார்த்தேன், பன்னெண்டு அதிரசம்.

மதுரை வரும்போது ஒன்பது இருந்துச்சு. அதுல ஒண்ணு எதிர் சீட்டுக் குழந்தைக்குக் கொடுத்தது. சத்தியமா.